கார்க் பந்தும் 15 மில்லி செகண்டும்

உங்கள் மானிட்டர் ஒரு செகண்டுக்கு 60 தடவை தன் படத்தைப் புதுப்பித்துக் கொள்கிறது. அதாவது ஒரு முறை புதுப்பிக்க ஏறக்குறைய 16 மில்லி செகண்ட். கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இந்த மிகச் சிறிய இடைவெளிக்குள் நெஞ்சில் சரியான இடத்தில் ஒரு பந்து பட்டால், எந்த நோயும் இல்லாத இதயம் நின்றுபோகலாம். பந்து எலும்பை உடைக்க வேண்டாம், இதயத்தைக் கிழிக்க வேண்டாம். தோலில் ஒரு கன்றல் இருந்தால் அதிகம்.

விடுமுறைக்குச் சிவகிரி போயிருந்தபோது அண்ணன் மகன் கேட்டான்: "சித்தப்பா, பந்து நெஞ்சுல பட்டா செத்துருவாங்களாமே, நெசமாவா?" டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் கார்க் பந்துக்கு மாறியிருந்தார்கள். மலையடிவாரத்துத் தரிசு நிலம்தான் பிட்ச். அதில் பந்து எங்கே எழும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. அவன் கேள்விக்கு ஒரு வரியில் 'ஆமாம், ஆனால் ரொம்ப அபூர்வம்' என்று சொல்லிவிடலாம். அந்த 'ஆமாம்' எப்படி என்று தேடியபோது, பாதிக்கு மேல் அது கம்ப்யூட்டர் கதையாக இருந்தது. எனவே இந்தக் கட்டுரை.

மின்சாரம் முதலில், அசைவு பிறகு

இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு மின் அலை ஓடுகிறது. வலது மேலறையில் உள்ள ஒரு சின்னத் திசு அந்த அலையைக் கிளப்புகிறது. அங்கிருந்து செல்லுக்குச் செல் அது பரவுகிறது. நம் ஆபீஸ் நெட்வொர்க்கில் ஒரு சுவிட்ச் அடுத்த சுவிட்சுக்குத் தகவலைத் தள்ளுவது போலத்தான். நடுவில் சர்வர் எதுவும் கிடையாது. ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லைத் தட்டி எழுப்புகிறது.

ஒரு தசைச் செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது அதன் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 85 மில்லி வோல்ட் குறைவாக இருக்கும். தட்டி எழுப்பியதும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, அழுத்தம் சட்டென்று பூஜ்யத்தைத் தாண்டி மேலே போகும். பிறகு கால்சியம் உள்ளே வரும். அதுதான் தசையைச் சுருங்க வைக்கிறது. கடைசியில் பொட்டாசியம் வெளியேறி எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். மொத்தம் ஏறக்குறைய 300 மில்லி செகண்ட். அது முடியும்வரை செல் 'பிஸி'. வேறு யார் தட்டினாலும் கேட்காது.

இதுவரை ஒரு வழிப் பாதை: மின்சாரம் கட்டளை இடுகிறது, தசை செய்கிறது. பள்ளிப் பாடப் புத்தகம் இங்கேயே நின்றுவிடும். ஆனால் எதிர்த் திசையிலும் ஒரு பாதை இருக்கிறது. தசையை இழுத்தாலோ, அழுத்தினாலோ, தட்டினாலோ அதுவே மின்சாரத்தை மாற்றும். அவுட்புட்டிலிருந்து இன்புட்டுக்கு ஒரு ஒயர் திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1915இலேயே பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உடலியலாளர், இதயத்துக்குள் அதிக ரத்தம் வந்து மேலறை விரிந்தால் துடிப்பு வேகமாவதைக் கண்டார். அதில் நரம்புக்கும் பங்கு உண்டு. ஆனால் நரம்பையெல்லாம் வெட்டி எடுத்து, தனியே வைத்த இதயத் திசுவும் இழுத்தால் வேகமாகத் துடிக்கிறது. அப்படியானால் ஒயர் செல்லுக்குள்ளேயே இருக்கிறது!

இழுத்தால் திறக்கும் கதவுகள்

அந்த ஒயர் என்ன? செல்லின் தோலில், அதாவது சவ்வில், நுண்ணிய கதவுகள் இருக்கின்றன. சில கதவுகள் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சில, வேதிப்பொருள் வந்து ஒட்டினால் திறக்கும். இன்னொரு வகை, சவ்வை இழுத்தால் திறக்கும். 1984இல் குஹாராய், சாக்ஸ் என்ற இருவர் கோழிக்குஞ்சின் தசைச் செல்களில் இந்த மூன்றாம் வகையை முதலில் அளந்து காட்டினார்கள். பின்னர் இதயச் செல்களிலும் இவை அகப்பட்டன.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கதவுகளில் பல, சோடியம், பொட்டாசியம் என்று ஆள் பார்ப்பதில்லை; நேர்மின் அயனி எதுவானாலும் விடும். அதனால் திறந்ததும் செல்லின் மின்னழுத்தத்தைப் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே உள்ள ஒரு மட்டத்தை நோக்கி இழுக்கும். செல் ஓய்வில், மைனஸ் 85இல், இருக்கும்போது இழுத்தால் அழுத்தம் மேலே ஏறும். போதிய அளவு ஏறினால் புதிதாக ஒரு துடிப்பே பிறக்கும். அதே செல் உச்சியில் இருக்கும்போது இழுத்தால் அழுத்தம் கீழே இறங்கும். துடிப்பு சீக்கிரம் முடியும். ஒரே இழுப்பு, ஒரே கதவு. ஆனால் எப்போது என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழ்.

புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது பழகிய பூதம். 'ரேஸ் கண்டிஷன்' என்போம். இரண்டு வேலைகள் ஒன்றையொன்று பார்க்காமல் ஓடும். நூறு தடவை ஒழுங்காக ஓடும் புரோகிராம் நூற்றியொன்றாவது தடவை தொங்கிவிடும். டெஸ்ட் செய்பவர் "எனக்கு வரவில்லையே" என்பார். நேரம் அப்படிப் பொருந்தினால்தானே வரும்?

பன்றிக்குட்டிகள் சொன்ன பதில்

நெஞ்சில் அடிபட்டு, இதயத்தில் எந்தக் காயமும் இல்லாமல் நேரும் இந்த மரணத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கமோஷியோ கார்டிஸ்'. இதயத்தின் அதிர்ச்சி என்று பொருள் கொள்ளலாம். அமெரிக்காவில் மினியாபோலிஸ் நகரில் பாரி மேரன் என்ற இதய மருத்துவர் இதற்கென ஒரு பதிவேடே வைத்து, 200க்கும் மேற்பட்ட நிகழ்வுகளைச் சேர்த்தார். பெரும்பாலும் பையன்கள், அதிலும் பதின்ம வயதினர். காரணம் அவர்கள்தான் அதிகம் ஆடுகிறார்கள் என்பதோடு, அந்த வயதில் நெஞ்சுக்கூடு இளக்கமாக இருக்கும். அடி சுலபமாக உள்ளே போகும்.

1998இல் மார்க் லிங்க், மேரன் குழுவினர் மயக்க மருந்து கொடுத்த பன்றிக்குட்டிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பேஸ்பால் அளவுள்ள மரப் பந்தை மணிக்குச் சுமார் 48 கி.மீ. வேகத்தில், இதயத்துக்கு நேர் மேலே அடிக்கும்படி ஒரு கருவி. அடியை இ.சி.ஜி.யோடு இணைத்து, துடிப்பின் எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று அவர்களே தீர்மானித்தார்கள். இ.சி.ஜி.யில் ஒவ்வொரு துடிப்புக்கும் கடைசியில் மெதுவாக எழுந்து இறங்கும் ஒரு மேடு வருமே, அதற்கு 'டி அலை' என்று பெயர். செல்கள் ஓய்வுக்குத் திரும்பும் நேரம் அது. அந்த மேட்டின் உச்சிக்கு 30 மில்லி செகண்ட் முன்பிருந்து 15 மில்லி செகண்ட் முன்புவரை அடி விழுந்தால் இதயம் படபடவென்று நடுங்கத் தொடங்கி, ரத்தத்தைத் தள்ளுவதை நிறுத்தியது. மற்ற நேரங்களில் விழுந்த அடிகளுக்கு அப்படி ஆகவில்லை.

வேகம் கூடினால் ஆபத்தும் கூடும் என்றுதானே நினைப்போம்? அதுவும் சரியில்லை. பின்னர் நடந்த சோதனைகளில், மணிக்கு 64 கி.மீ. அளவில்தான் இந்த நடுக்கம் அதிகம் வந்தது. அதைவிட வேகமான பந்து வேறு விதமாகச் சேதம் செய்தது. 64 என்பது பெரிய பௌலர் வேகம் இல்லை. எங்கள் ஊர்ப் பையன்களே போடுவார்கள்.

2023 ஜனவரி 2 அன்று அமெரிக்கக் கால்பந்து வீரர் டமர் ஹாம்லின், வயது 24, எதிரணி ஆட்டக்காரரை மடக்கியபோது நெஞ்சில் மோதல் வாங்கினார். எழுந்து நின்றார். ஓரிரு செகண்டில் மல்லாந்து விழுந்தார். கோடிக்கணக்கானோர் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மைதானத்திலேயே நெஞ்சை அமுக்கி, மின் அதிர்ச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள். கமோஷியோ கார்டிஸ்தான் என்று டாக்டர்கள் முடிவு சொன்னதாக ஏப்ரலில் அவரே அறிவித்தார். அதே ஆண்டு திரும்ப வந்து ஆடவும் செய்தார்.

தரைச்சக்கரம்

அந்த 15 மில்லி செகண்டில் அப்படி என்னதான் நடக்கிறது? இங்கேதான் கம்ப்யூட்டர் உள்ளே வருகிறது. ஏனென்றால், துடிக்கும் இதயத்துக்குள் கோடிக்கணக்கான செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது. செல்லைக் கணக்காக எழுதி ஓட்டிப் பார்க்கலாம்.

இதை முதலில் செய்தவர் டெனிஸ் நோபிள். 1960இல், லண்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஃபெராண்டி மெர்குரி என்ற வால்வு கம்ப்யூட்டரில் ஒரே ஒரு இதயச் செல்லை ஓட்டினார். மாணவருக்கு யார் பகலில் கம்ப்யூட்டர் தருவார்கள்? அவருக்குக் கிடைத்தது அதிகாலை 2 மணி முதல் 4 மணிவரை. மானிட்டர் கிடையாது, வந்து விழும் எண்களை வைத்துத்தான் துடிப்பை அறிய வேண்டும். இன்றைய இதயக் கணக்குகள் எல்லாமே அந்த ராத்திரி வேலையின் பேரப்பிள்ளைகள்.

ஒரு செல்லின் சமன்பாடு கையில் வந்தபின், அதைக் கட்டம் கட்டமாக அடுக்கி, பக்கத்துக் கட்டத்தோடு இணைத்தால் ஒரு இதயத் திசு தயார். அதில் அலை எப்படி ஓடும் என்று பாருங்கள். நேராக வரும் அலை ஓரத்தில் மோதி அணைந்துபோகும். ஒரு கட்டம் ஓய்வுக்கு வந்துவிட்டது, பக்கத்துக் கட்டம் இன்னும் வரவில்லை என்ற நேரத்தில் ஒரு தட்டுத் தட்டினால்? புது அலை ஒரு பக்கம் ஓடும். மறுபக்கம் வழி அடைபட்டு நிற்கும். ஓடியது வளைந்து, சுற்றி வந்து, இப்போது திறந்துவிட்ட அந்த மறுபக்கத்தின் வழியே புகுந்து தன் வாலையே துரத்தும். தீபாவளிக்கு விடுவோமே தரைச்சக்கரம், அதுதான். யாரும் தட்டாமலே சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரம் உடைந்து பல சக்கரங்களானால், ஒவ்வொரு செல்லும் தன்னிஷ்டத்துக்குத் துடிக்கும். இதயம் நடுங்கும், ரத்தம் ஓடாது.

2004இல் ஆக்ஸ்ஃபோர்டில் கார்னி, பீட்டர் கோல் இருவரும் இதை இரு பரிமாணத்தில் ஓட்டிப் பார்த்து ஒரு முடிவு சொன்னார்கள்: அடிபட்ட இடம், ஓய்வுக்குத் திரும்பும் அலையின் வால் விளிம்பின் மேல் படிந்தால்தான் சுழல் நிலைக்கும். மற்ற இடங்களில் ஒரு கூடுதல் துடிப்போடு கதை முடியும். 13 ஆண்டுகள் கழித்து, 2017இல், க்வின், கோல் குழுவினர் முயல் இதயத்தில் சின்னச் சின்ன இடங்களைத் தட்டி, ஒளி மூலம் படம் பிடித்து அதையே கண்டார்கள். கம்ப்யூட்டர் முந்திச் சொன்னதை முயல் பின்னால் ஒப்புக்கொண்டது. பன்றிக்குட்டிகள் ஏன் அந்த 15 மில்லி செகண்டை மட்டும் காட்டின என்பதற்கும் விடை இதுதான். அந்த வால் விளிம்பு அடிபடும் இடத்தைக் கடக்கும் நேரம் அவ்வளவுதான்.

தரமணியும் வரப்புகளும்

இந்தச் சுழல்களை ஆராய்ந்தவர்கள் நம் பக்கத்திலும் இருக்கிறார்கள். சென்னை தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே ஆய்வு செய்யும் சீதாப்ர சின்ஹா, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ராகுல் பண்டிட் ஆகியோர் அஷ்வின் பாண்டேயுடன் சேர்ந்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுங்கும் இதயத்தை நிறுத்த வெளியிலிருந்து கொடுக்கும் மின் அதிர்ச்சி 100 ஜூலுக்கு மேல், கருவியைப் பொறுத்து 360 ஜூல்வரை போகும். எல்லாச் செல்களையும் ஒரே அடியில் 'ரீசெட்' செய்வது அது. கம்ப்யூட்டர் தொங்கினால் பிளக்கைப் பிடுங்குவது போல! மென்மையாகச் செய்ய முடியாதா என்பது அவர்கள் கேள்வி.

சுழல் பிழைத்திருக்க ஓரளவு இடம் வேண்டும். ஆகவே திசுவின் மேல் கோடுகளால் ஒரு வலை போட்டு, அந்தக் கோடுகளில் மட்டும் சிறிய மின்துடிப்பைக் கொடுத்தார்கள். கோடுகள் சிறிது நேரம் அலையைத் தாண்ட விடாது. பெரிய வயல் வரப்புகளால் சின்னப் பாத்திகளாகப் பிரிந்த மாதிரி. ஒவ்வொரு பாத்தியிலும் சுழல் சுற்ற இடமில்லாமல் வரப்பில் மோதிச் செத்துப்போகும். வயல் முழுவதும் தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். வரப்பை மட்டும் கட்டினால் போதும். இது கம்ப்யூட்டருக்குள் நிரூபித்த யோசனை; இதயத்துக்கு மேல் வலை போர்த்தும் மருத்துவக் கருவியாக அது வரவில்லை. ஆனாலும் குறைந்த மின்சாரத்தில் நிறுத்தலாம் என்ற எண்ணமே பெரிது. உடம்புக்குள் பொருத்திய கருவியிடம் விழித்திருக்கும்போது அதிர்ச்சி வாங்கியவர்கள், குதிரை உதைத்த மாதிரி என்பார்கள்.

சிலந்தி விஷமும் 72 ஜீன்களும்

கதவு திறப்பதால்தானே பிரச்சினை, கதவை அடைத்தால்? 2001இல் சாக்ஸ் குழுவினர் டாரன்டுலா என்ற பெரிய சிலந்தியின் விஷத்திலிருந்து பிரித்த ஒரு புரதத்துணுக்கால் இந்த இழுவைக் கதவுகளை அடைத்தார்கள். முயல் இதயத்தின் மேலறையை விரித்தால் வரும் நடுக்கம் அதனால் அடங்கியது.

கதவு எந்த ஜீனால் ஆனது என்பது அப்போது தெரியாது. ஆர்டெம் படபூட்டியன் குழுவினர் அதற்குக் கையாண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஊசியால் குத்தினால் மின் சமிக்ஞை தரும் ஒரு வகைச் செல்லை எடுத்தார்கள். சந்தேகப்பட்ட ஜீன்கள் 72. ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் குத்திப் பார்த்தார்கள். எதை அணைத்தால் செல் சும்மா இருக்கிறதோ அதுதான் ஆள். புரோகிராமில் பிழை தேட ஒவ்வொரு ஃபங்ஷனாக மூடிப் பார்க்கிறோமே, அச்சாக அதேதான்! 2010இல் அகப்பட்ட அந்த ஜீனுக்குப் பியசோ1 என்று பெயர். 2021இல் நோபல் பரிசு. இதயத் தசைச் செல்களிலும் பியசோ1 இருப்பது தெரியவந்திருக்கிறது. ஆனால் பந்தடியில் அதற்கு எத்தனை பங்கு, மற்றக் கதவுகளுக்கு எத்தனை என்பது இன்னும் தீராத வழக்கு.

நீங்களே ஒரு செல் செய்யலாம்

எக்ஸெல் இருக்கிறதா? இல்லையென்றால் இலவச லிப்ரே ஆபீஸ் போதும். ஃபிட்ஸ்ஹியூ, நாகுமோ என்ற இருவர் 1960களின் தொடக்கத்தில் தந்த எளிய கணக்கை அதில் ஓட்டிவிடலாம். மூன்று பத்திகள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தி மின்னழுத்தம், இரண்டாவது மீட்சி, மூன்றாவது இழுவை. முதல் வரிசையில் மைனஸ் 1.2, மைனஸ் 0.62, பூஜ்யம் என்று கொடுங்கள். (நிஜ மில்லி வோல்ட் அல்ல, கணக்குக்கான அலகு.)

அடுத்த வரிசையின் மின்னழுத்தத்துக்கு ஃபார்முலா: முந்தைய மின்னழுத்தத்தின் முப்படியை 3ஆல் வகுத்து, அதை மின்னழுத்தத்திலிருந்து கழியுங்கள். அதிலிருந்து மீட்சியைக் கழியுங்கள். பிறகு இழுவையையும் மின்னழுத்தத்தையும் பெருக்கி, அதையும் கழியுங்கள். வந்ததை 0.1ஆல் பெருக்கி முந்தைய மின்னழுத்தத்தோடு கூட்டுங்கள். மீட்சிக்கு: முந்தைய மின்னழுத்தத்தோடு 0.7 கூட்டி, மீட்சியின் 0.8 மடங்கைக் கழித்து, 0.008ஆல் பெருக்கி, முந்தைய மீட்சியோடு கூட்டுங்கள். இரண்டு ஃபார்முலாவையும் 500 வரிசைக்குக் கீழே இழுத்துவிட்டு, முதல் பத்திக்கு ஒரு கோட்டு வரைபடம் போடுங்கள். ஏறக்குறைய நேர்கோடாகக் கிடக்கும். செல் தூங்குகிறது.

இப்போது இழுவைப் பத்தியில் 10 முதல் 30 வரையிலான வரிசைகளில் 0.1 போடுங்கள். சின்னதாக ஒரு மேடு எழுந்து அடங்கும், அவ்வளவுதான். அதே இடத்தில் 0.5 போடுங்கள். குபீரென்று ஒரு முழுத் துடிப்பு! மின்சாரமே கொடுக்கவில்லை, இழுத்தோம், துடித்தது. அடுத்து, அந்தத் துடிப்பின் உச்சிமேட்டின் கடைசிப் பகுதியில் இன்னொரு 0.5 இழுப்புக் கொடுங்கள். மேடு முன்னதாகவே சரியும். மேட்டின் ஆரம்பத்தில் கொடுத்தால் சற்றுப் பள்ளமாகி மறுபடி எழுந்துவிடும். வரிசை எண்ணை மாற்றி மாற்றிப் பாருங்கள்.

ஒற்றைச் செல்லில் சுழல் வராது. அதற்குத் தளம் வேண்டும். 2012இல் ஐ.பி.எம்., லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் இரண்டும் முழு மனித இதயத்தை ஓட்ட 15 லட்சத்துக்கும் மேற்பட்ட கோர்கள் கொண்ட செக்கோயா சூப்பர் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தின. 2019இல் ஃபென்டன், செர்ரி, கபூடியன் ஆகியோர் பிரௌசருக்குள் கிராஃபிக்ஸ் சிப்பை வைத்தே இதயத் திசுவை ஓட்டும் முறையை வெளியிட்டார்கள். கேம் ஆட வாங்கிய கார்டு போதும். நல்ல மொபைலிலும் ஓடும். விரலால் தொட்டுச் சுழலைக் கிளப்பலாம்.

மைதானத்துக்கு வருவோம்

சினிமாவில் ஹீரோ விழுந்ததும் நண்பன் அழுதபடி நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விடுவான், இதயம் துடிக்கும். இது முழுக்கக் கற்பனை என்று சொல்ல முடியாது. இழுவைக் கதவுகள்தான் அங்கேயும் வேலை செய்கின்றன. ஆனால் அதே குத்து இருக்கும் துடிப்பையும் கெடுக்கலாம் என்பதை மேலே பார்த்தோம். மருத்துவமனையில், மானிட்டர் முன்னால், அதுவும் மின் அதிர்ச்சிக் கருவி உடனே கைக்கு வராத நிலையில் மட்டும்தான் மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள். வெளியில் நாம் செய்யக் கூடாது.

செய்ய வேண்டியது வேறு. அடிபட்டு விழுந்தவன் கூப்பிட்டால் அசையவில்லை, மூச்சு இல்லை அல்லது திணறுகிறது என்றால் ஒருவர் 108ஐக் கூப்பிட வேண்டும். இன்னொருவர் நெஞ்சின் நடுவே இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 செ.மீ. ஆழத்துக்கு அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'தண்ணி தெளி, சோடா கொடு' என்று நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. சிவகிரியிலிருந்து ராஜபாளையமோ சங்கரன்கோவிலோ போய்ச் சேர ஆகும் நேரத்தை இதோடு பெருக்கிப் பாருங்கள், புரியும். மேரனின் பதிவேட்டில் ஆரம்ப ஆண்டுகளில் பிழைத்தவர்கள் மிகக் குறைவு. பின்னாளில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்தார்கள். மாறியது இதயம் இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் அமுக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள், கருவியும் பக்கத்தில் இருந்தது.

அண்ணன் மகனுக்கு நான் சொன்னது: பந்து நெஞ்சுக்கு வந்தால் திரும்பிக்கொள், நெஞ்சைக் கொடுத்து நிறுத்தாதே. சின்னப் பையன்கள் ஆடும்போது டென்னிஸ் பந்தே இருக்கட்டும்; சோதனைகளில் பந்து எவ்வளவு மெத்தென்று இருந்ததோ அவ்வளவு ஆபத்து குறைந்தது. கடையில் கிடைக்கும் நெஞ்சுக் கவசத்தை நம்பிவிட வேண்டாம். பதிவேட்டில் உள்ளவர்களில் கணிசமானோர் கவசம் போட்டிருந்தவர்கள்தான். அவை எலும்புக்காகச் செய்தவை. இந்த ஆபத்துக்கென்றே ஒரு தர அளவுகோல் அமெரிக்காவில் வந்தது 2017இல்தான்.

மின் அதிர்ச்சிக் கருவியான ஏ.இ.டி.யைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அட்டைகளை நெஞ்சில் ஒட்டினால் அதற்குள் இருக்கும் புரோகிராம் துடிப்பைப் படிக்கும். நடுக்கம் இருந்தால் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும். என்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாக வாய்விட்டே சொல்லும். விமான நிலையங்களிலும் பெரிய ஐ.டி. அலுவலகங்களிலும் சுவரில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள்.